ஒட்டிய எழுத்தும் உதிர்ந்த எழுத்தும்

இங்கிலாந்தின் தென்கிழக்கே, கெண்ட் பகுதியில், டன்பிரிட்ஜ் நகரைத் தாண்டிச் சிறிது தொலைவு போனால் வயல்களுக்கு நடுவே டூட்லி என்றொரு சிற்றூர் வரும். செங்கல் கோபுரமும் அதன் அடியில் இடைக்காலத்து மணற்கல்லும் கொண்ட சிறிய பங்குக் கோயில் ஒன்று அங்கே இருக்கிறது. பெயர் அனைத்துப் புனிதர் ஆலயம். அதன் பன்னிரண்டு சாளரங்களிலும் உள்ள வண்ணக் கண்ணாடி முழுவதும் ஓவியர் மார்க் ஷகாலின் ஆக்கம். எல்லாச் சாளரங்களும் அவர் ஒருவரே வரைந்தவையாக அமைந்த தேவாலயம் உலகில் இது ஒன்றே என்பார்கள். ஓவியம் காண வருகிறவர்கள் ஊர்ப்பலகையைத் தாண்டி விரைந்துவிடுகிறார்கள். சொல்லின்மேல் ஆசை கொண்ட நாம் முதலில் அந்தப் பலகையடியில் சற்று நிற்போம். டூட்லி என்ற ஈரசைப் பெயருக்குள் ஒரு வேற்றுமைச் சொல், ஒரு கொடி, ஒரு காடு, அந்தக் காட்டுக்குள் விழுந்த வெயில், இவ்வளவும் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

வெற்றிவேந்தன் வில்லியம் தன் நாட்டை அளந்து எழுதச் சொன்ன டூம்ஸ்டே ஏட்டில், 1086ஆம் ஆண்டில், இந்த ஊர் 'டிவெதெலே' என்று பதிவாகியிருக்கிறது. ஏட்டை எழுதியவர்கள் இலத்தீன் அறிந்த எழுத்தர்கள்; ஊரார் வாயிலிருந்து கேட்ட ஆங்கில ஒலியைத் தங்கள் காதுக்கு எட்டியபடி எழுதினார்கள். அயல்காது கேட்டு எழுதியதாலேயே அந்த எழுத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. பொருள் தெரிந்தவன் சொல்லைத் திருத்தி எழுதுவான்; பொருள் தெரியாதவன் ஒலியை விட்டுவைப்பான். டிவெதெலே என்ற அந்த வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் அதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதலில் 'இடத்தில்' என்று பொருள்படும் பழைய ஆங்கில முன்னிடைச்சொல் 'அட்'. அடுத்து ஐவிக்கொடி படர்ந்த நிலையைச் சொல்லும் 'இவெதெ'. கடைசியில் காட்டிடை வெளியைக் குறிக்கும் 'லேயா'. ஐவி படர்ந்த காட்டுவெளியில் என்பதே பெரும்பாலும் இப்பெயரின் முதற்பொருள் என்பது அவர்கள் கொள்கை.

இந்தப் பிரிப்பில் முதலில் கவனிக்க வேண்டியது அந்த டகரம். ஊருக்கு உரிய பெயர் 'இவெதெலே' மட்டுமே. டகரம் அதற்குச் சொந்தமில்லை. அந்நாள் மக்கள் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது அவர் இன்ன ஊரில் இருக்கிறார் என்றுதான் சொன்னார்கள், ஊர்ப்பெயரைத் தனித்து எழுவாயாக்கிப் பேசும் தேவை அரிது. நாமும் அப்படித்தான், ஊரில், ஊருக்கு, ஊரிலிருந்து என்று உருபேற்ற வடிவத்திலேயே ஊர்ப்பெயர் நாள்முழுதும் நாவில் புரள்கிறது. நமக்கு உருபு பின்னால் வருகிறது. அவர்களுக்கு முன்னால் வருகிறது. ஆகையால் 'அட் இவெதெலே' என்று ஓயாமல் சொல்லிச் சொல்லி, முன்சொல்லின் ஈற்றிலிருந்த மெய்யின்மேல் பின்சொல்லின் முதலுயிர் ஏறிக்கொண்டது. இதைத் தமிழ் படித்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிலைமொழி ஈற்று மெய்யோடு வருமொழி முதலுயிர் கூடி ஓரெழுத்தாவது நாம் பள்ளியில் முதலில் கற்கும் புணர்ச்சி. தமிழ் எழுத்தில் எழுதினால் நடந்தது என்ன என்பது கண்ணுக்கே தெரிகிறது: ட் என்ற புள்ளி வைத்த எழுத்தும் இ என்ற உயிரும் மறைந்து, டி என்ற ஒற்றை உயிர்மெய் நிற்கிறது. உரோம எழுத்தில் இரண்டு எழுத்துகளும் அருகருகே தனித்தனியாகவே நிற்பதால் அந்தக் கலப்பு பார்வைக்குப் புலப்படாது. உயிரும் மெய்யும் கூடினால் ஒரே உருவம் பெறும் எழுத்துமுறையை வகுத்த நம் முன்னோர் ஒலியின் இயல்பை எவ்வளவு நுட்பமாகக் கேட்டிருக்கிறார்கள் என்று இங்கே ஒரு கணம் பெருமைப்பட்டுக்கொள்வோம்.

புணர்ந்ததைப் பிரிக்கும்போது பிழை நேர்வதும் மொழிகளுக்குப் பொது. அடிவெதெலே என்று ஒரே மூச்சில் கேட்ட பிள்ளை, எது உருபு, எது பெயர் என்று தானாகத்தான் பிரித்தறிய வேண்டும். பிரிக்கும் கோடு ஓரெழுத்து இடப்புறம் நகர்ந்தது. உருபின் டகரம் பெயரின் தலையில் தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் இப்படித் தலை மாறிய சொற்கள் பல. சமையலில் முன்னே கட்டிக்கொள்ளும் ஏப்ரன் முதலில் 'நேப்ரன்'. ஒருமைச் சொல்லோடு கூட்டிச் சொல்கையில் நகரத்தை அது முன்சொல்லுக்குக் கொடுத்துவிட்டது. ஆடர் என்னும் பாம்புக்கும் அதே கதை, அது 'நாடர்' ஆக இருந்தது. ஆரஞ்சுக்கு நேர்ந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது: நாரத்தை என்ற நம் சொல்லோடு உறவுடைய நாரங்கம் வடமொழி, பாரசீகம், அரபி எனக் கடந்து ஐரோப்பாவில் நுழைந்து, அங்கே தன் முதல் நகரத்தை இழந்து ஆரஞ்சு ஆகி நம்மிடமே திரும்பி வந்தது. அவை முதலெழுத்தைப் பறிகொடுத்த சொற்கள். டூட்லி முதலெழுத்தைச் சேர்த்துக்கொண்ட சொல்.

இனி நடுப்பகுதி. இவெதெ என்பதில் உள்ள வகரம் எங்கே போயிற்று? டூட்லி என்று இன்று சொல்கையில் வகரத்தின் சுவடே இல்லை. ஆனால் நீண்டொலிக்கும் அந்த ஊகாரம் இருக்கிறதே, அதற்குள்தான் வகரம் கரைந்திருக்கிறது. இதழ்கள் நெருங்கிப் பிறக்கும் வகரமும் இதழ் குவிந்து பிறக்கும் உகரமும் உடன்பிறப்புகள். நெருக்கம் சற்றுத் தளர்ந்தால் வகரம் உகரமாகிவிடும். அவ்வை என்றும் ஔவை என்றும் எழுதி ஒரே பாட்டியை அழைக்கிற நாம் இதை மறுக்க முடியாது. அவ் என்பதும் ஔ என்பதும் தம்முள் மயங்கும் என்று நம் இலக்கணம் போலியாகக் கொண்டது எதுவோ, அதுவே இவ் என்ற அசைக்கு அங்கே நடந்தது. 'டிவெ' நெகிழ்ந்து 'டியு' ஆகி, பிறகு அதன் இகரமும் தேய்ந்து 'டூ' ஆயிற்று. ஒலித்துப் பாருங்கள், நாவுக்கு எங்கேயும் தடை இராது. நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்ட பயணத்தை வாய் ஒரு நொடியில் கடந்துவிடுகிறது.

ஐவி என்பது சுவரும் மரமும் பற்றி ஏறும் பசுங்கொடி, குளிர்காலத்திலும் இலை உதிராதது. பழைய ஆங்கிலத்தில் அதன் பெயர் 'இவிக்'. அதனோடு உடைமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்து, கொடியுடையது, கொடி மண்டியது என்று பொருளாயிற்று. முல்லை, மருதம் என்று நிலத்தையே பூவாலும் மரத்தாலும் அழைத்தவர்களுக்கு, ஓர் ஊர் தன் கொடியால் பெயர்பெறுவது வியப்பில்லை. அதை விரித்துச் சொல்லவும் வேண்டியதில்லை.

விரித்துச் சொல்ல வேண்டியது கடைசித் துண்டு. 'லேயா' என்பது இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்களில் மிகுதியாக வரும் ஈறு; லி, லீ, லே என்று இன்று பலவாறு ஒலிக்கும். காடு என்றும் அதற்குப் பொருள் உண்டு, காட்டுக்குள் மரம் விலகி நிற்கும் வெளி என்றும் பொருள் உண்டு. மரமும் மரமின்மையும் ஒரே சொல்லில் எப்படி அடங்கும்? வேரைத் தேடினால் விடை கிடைக்கிறது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் ஒளியைக் குறிக்கும் ஒரு பழைய வேர் இருக்கிறது. இலத்தீனின் 'லூக்ஸ்', கிரேக்கத்தில் வெண்மையைச் சொல்லும் 'லியூகோஸ்', ஆங்கிலத்தின் லைட் எல்லாம் அதன் கிளைகள். அந்த வேரிலிருந்து பிறந்த ஒரு பெயர்ச்சொல், அடர்ந்த இருளுக்கு நடுவே ஒளி இறங்கும் திறந்த இடத்தைக் குறித்தது. இலத்தீனில் அது 'லூகுஸ்' ஆகித் தெய்வம் உறையும் சோலை எனப் பொருள்பட்டது. லித்துவேனிய மொழியில் 'லௌகஸ்' ஆகி வயல்வெளி ஆயிற்று. பழைய ஆங்கிலத்தில் லேயா ஆயிற்று. வடமொழியில் அதுவே லோகம் ஆயிற்று. முதலில் இடம், திறந்த வெளி என்ற பொருளில் நின்று, பிறகு விரிந்து விரிந்து அண்டமெல்லாம் ஆயிற்று.

நாம் வடமொழியிலிருந்து கடனாகக் கொண்டு மூவுலகுக்கும் வழங்கும் லோகம் என்ற சொல்லும், கெண்ட் நாட்டுச் சிற்றூரின் கடைசி அசையும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் என்பது ஒரு சொல்லன்பனுக்கு எவ்வளவு பெரிய விருந்து! உலகு என்ற நம் சொல்லை இங்கே இழுத்துக்கொண்டு வரலாமா என்று கேட்பீர்கள். வடநூல் வழி நிற்போர் லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்பதால் உகரம் முன்சேர்ந்து லோகமே உலகம் ஆயிற்று என்பர். தேவநேயப் பாவாணர் அதைத் தூய தமிழாகவே கொண்டு, உலவுதல் என்னும் சுழற்சிப் பொருளிலிருந்து உலகைப் பெற்றார். இக்கட்டுரைக்கு அந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை. எனக்கு இதைவிட இனிப்பது வேறொரு சொல். பொழில் என்றால் சோலை என்று எல்லோருக்கும் தெரியும். பொழில் என்றால் உலகு என்றும் பொருள் உண்டு. ஏழ்பொழில் என்பது ஏழுலகு, நாவலந்தண்பொழில் என்பது இந்த நாவலந்தீவு முழுவதும். ஆக, வேர் வேறு, மொழிக்குடும்பம் வேறு, ஆயினும் சோலையையும் உலகையும் ஒரே சொல்லால் சுட்டும் மனப்பாங்கு இரு பக்கமும் ஒத்திருக்கிறது. மரங்களுக்கு நடுவே தான் நிற்கும் வெளிச்சமான இடத்தைத்தான் மனிதன் முதலில் உலகு என்று கண்டிருப்பான் போலும்.

ஊருக்குள் நுழைந்துவிட்டோம், கோயிலுக்குப் போகலாம். கோயில் என்று தமிழ்க் கிறித்தவர் தம் வழிபாட்டிடத்தைச் சொல்வது பழைய வழக்கு; மாதாகோயில் என்ற தொடர் ஊர்தோறும் உண்டு. இந்தத் தேர்வு தற்செயலாகவே மிகப் பொருத்தமாக அமைந்தது. சர்ச் என்ற ஆங்கிலச் சொல் கிரேக்கத்தின் 'கூரியகோன்' என்பதிலிருந்து வந்தது. கூரியோஸ் என்றால் தலைவன், ஆண்டவன். கூரியகோன் என்றால் தலைவனுக்குரியது, அதாவது தலைவன் இல்லம். கோ என்றால் தலைவன், இல் என்றால் மனை. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பாராமலே ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. ஸ்காட்லாந்துக்காரர்கள் கிர்க் என்கிறார்கள், ஆங்கிலேயர் சர்ச் என்கிறார்கள். ககரம் சகரமாகும் இந்த மாற்றத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

பேரிஷ் என்னும் சொல் இன்னும் ஆழமானது. கிரேக்கத்தில் 'பரா' என்றால் பக்கம், 'ஓய்கோஸ்' என்றால் வீடு. பரோய்கோஸ் என்பவன் வீட்டின் பக்கத்தில் வந்து தங்கியிருப்பவன். குடியுரிமை இல்லாத வந்தேறி, வழிப்போக்கன். மண்ணுலகில் தாம் தற்காலிகமாகத் தங்குவோரே என்று எண்ணிய பழங்காலக் கிறித்தவர்கள் தம் கூட்டத்துக்கு அந்தப் பெயரை இட்டுக்கொண்டார்கள். பிறகு அது இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் வந்து, எல்லை வகுத்து வரி வசூலித்து, பிறப்பையும் இறப்பையும் ஏட்டில் எழுதும் நிலையான ஆட்சிப்பகுதியின் பெயராகிவிட்டது. அயலானைக் குறித்த சொல் அசையாத உள்ளூரானைக் குறிப்பதாயிற்று. தமிழில் கத்தோலிக்கர் இதனைப் பங்கு என்கிறார்கள். பகு என்னும் வினையடியில் பிறந்த அழகிய சொல். தென்னிந்தியத் திருச்சபையார் பல சபைகள் சேர்ந்த பகுதியைச் சேகரம் என்கிறார்கள். ஒன்று பகுத்ததைச் சொல்கிறது, மற்றது சேர்த்ததைச் சொல்கிறது. அயலான் என்ற அந்தப் பழைய கிரேக்கப் பொருள் மட்டும் எங்கும் தொலைந்துபோயிற்று. ஆனால் டூட்லியில் அது வரலாறாகத் திரும்பி வந்தது.

டூட்லியில் உள்ள சாமர்ஹில் மாளிகையில் வாழ்ந்தவர்கள் சர் ஹென்றி டாவிக்டோர்-கோல்ட்ஸ்மிட் குடும்பத்தினர். அவர் யூதர், மனைவி ரோஸ்மேரி ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர். மகள் சாரா. 1961இல் பாரிசில் ஷகாலின் வண்ணக் கண்ணாடிகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. எருசலேம் ஹடாசா மருத்துவமனையின் தொழுகைக் கூடத்துக்காக, இஸ்ரவேலின் பன்னிரு குலங்களைப் பாடுபொருளாகக் கொண்டு அவர் வரைந்த பன்னிரண்டு சாளரங்கள் அவை. தாயும் மகளும் அவற்றைக் கண்டு மனம் பறிகொடுத்தார்கள். 1963இல் சாரா கடலில் பாய்மரப் படகு விபத்தில் இறந்தாள். வயது 21. பெற்றோர் அவள் நினைவாகத் தம் பங்குக் கோயிலின் கிழக்குச் சாளரத்தை வரைந்து தருமாறு ஷகாலைக் கேட்டுக்கொண்டார்கள். இன்றைய பெலாருசில் உள்ள வித்தெப்ஸ்க் நகரில் வளர்ந்து, ரஷ்யாவை விட்டு பிரான்சில் குடியேறிய யூதர் அவர். கெண்ட் பங்கு ஒன்றின் சுவருக்கு அவர் வரைய நேர்ந்ததை எண்ணுகையில் எனக்குப் பரோய்கோஸ் என்ற சொல்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பங்குக்கு அதன் பெயரின் முதற்பொருளைத் திருப்பிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டில் தங்க வந்த ஓர் அயலார்.

சாரா இறந்தது ரை என்னும் ஊரை அடுத்த கடலில். இந்தப் பெயரைக் கேட்டதும் என்னால் கடந்து போக முடியவில்லை. ரை என்பதை ஏதோ தானியப் பெயர் என்று நினைக்கத் தோன்றும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஈயெ' என்றால் தீவு, சதுப்பு நடுவே மேடான உலர்நிலம். இன்று கடலிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் ரை, முன்பு நீரால் சூழப்பட்ட மேடாக இருந்தது. 'அந்தத் தீவில்' என்பதை அக்கால மொழியில் 'அட் தேரே ஈயெ' என்பார்கள். நாளடைவில் முன்னிடைச்சொல்லும் சுட்டும் கரைந்து 'அட்டர் ஈ' என்றாயிற்று. பிரிக்கும் கோடு இங்கேயும் ஓரெழுத்து நகர்ந்தது. ரகரம் ஈயின் தலையில் வந்து அமர்ந்தது. ஈ ரீ ஆகி, காலப்போக்கில் உயிர் திரிந்து ரை ஆயிற்று. டூட்லியின் டகரமும் ரையின் ரகரமும் ஒரே தொடரிலிருந்து உதிர்ந்து ஒட்டியவை. அட் என்ற அதே சிறு சொல் ஓரிடத்தில் தன் மெய்யைத் தானே கொடுத்தது. மற்றோரிடத்தில் தன் துணைச்சொல்லின் மெய்யைக் கொடுக்கவைத்தது. 'இங்கே' என்று சுட்டிக் காட்டிய சொற்கள் சுட்டப்பட்ட இடங்களோடு பிரியாமல் நின்றுவிட்டன. ஒரு பெண் வாழ்ந்த ஊரும் அவள் இறந்த கடற்கரையும் தம் முதலெழுத்தை ஒரே வழியில் பெற்றிருக்கின்றன.

1967இல் கிழக்குச் சாளரம் நிறைவேறியது. அதன் அடிப்பாகம் முழுதும் நீலம், அலைகளுக்கிடையே மிதக்கும் பெண்ணுருவம், இரங்கி நிற்கும் உருவங்கள், சிவப்புக் குதிரை, மேலே சிலுவையை நோக்கி ஏறும் ஏணி, உச்சியில் இளமையான கிறிஸ்து. இதன் திருநிலைப்படுத்தலுக்கு வந்த ஷகால், ஆலயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மற்றச் சாளரங்களையும் தாமே வரைந்து தருவதாகச் சொன்னார். அப்போது அவருக்கு 80 வயது.

சாளரம் என்று எழுதிக்கொண்டே வருகிறேன். சன்னல் என்று எழுதியிருந்தால் அது போர்ச்சுக்கீசிய ஜனேலா. அதன் இலத்தீன் மூலம் சிறுவாயில் என்று பொருள்படுவது. ஆங்கிலத்தின் விண்டோ வடநாட்டுக் கடலோடிகள் கொண்டுவந்த சொல், 'விண்ட்-அவ்கா', காற்றுக்கண். அது வருவதற்கு முன் ஆங்கிலேயர் கண்துளை, கண்கதவு என்ற பொருள்தரும் தம் சொந்தச் சொற்களை வைத்திருந்தார்கள். வந்த சொல் வென்றது. காற்றுக்கண் என்றதும் தமிழ் நெஞ்சு துள்ள வேண்டும். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காலதர் என்பது நம் பழைய சொல். சிலப்பதிகாரத்தில் இளங்கோ காலதரை மானின் கண்ணோடு இணைத்துச் சொல்கிறார். காற்றும் கண்ணும் அங்கேயும் கைகோத்துவிட்டன. பல கண்களை உடையது பலகணி. கண்ணாடியிலும் கண் முன்னே நிற்கிறது. ஆடி என்பதே அதன் தொன்மையான பெயர், கண் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. டூட்லியின் சாளரங்கள் காற்றை விடுவதில்லை, வெளியே பார்க்கவும் இடம் தருவதில்லை. காற்றும் பார்வையும் நீங்கி வெளிச்சம் ஒன்றுக்கே வழியான அதர்கள் அவை.

அந்தக் கண்ணாடியை ஆங்கிலத்தில் ஸ்டெயின் செய்யப்பட்ட கண்ணாடி என்பார்கள். ஸ்டெயின் என்ற சொல் டூட்லிக்கு நேர் எதிரான வழியில் வந்தது. பழைய பிரெஞ்சில் 'தெஸ்தைந்த்ர' என்றால் நிறம் மாற்றுதல், சாயம் நீக்குதல். அதன் உள்ளே இருப்பது தோய்த்தல், சாயமேற்றல் என்று பொருள்படும் இலத்தீன் 'திங்கெரெ'. ஆங்கிலத்தில் அது 'டிஸ்டெயின்' என்று நுழைந்து, முதலசை உதிர்ந்து ஸ்டெயின் ஆயிற்று. ஓவியந் தீட்டுதலைக் குறித்த வடநாட்டுச் சொல் ஒன்றும் அதனோடு கலந்துகொண்டது. முதலெழுத்து குறைந்தும் பொருள் குறையாத இந்த நிலைக்கு நம்மிடம் பெயர் உண்டு: முதற்குறை. தாமரை மரை என நிற்பது போல டிஸ்டெயின் ஸ்டெயின் என நிற்கிறது. ஆக இந்த ஆலயத்தின் ஊர்ப்பெயர் தலையில் ஓரெழுத்தைக் கூட்டிக்கொண்டது, கண்ணாடியின் பெயர் தலையிலிருந்து ஓரசையை உதிர்த்துக்கொண்டது.

ஆயினும் உண்மையில் ஸ்டெயின் என்று சொல்லத்தக்கது மிகச் சிறு பகுதியே. இடைக்காலக் கண்ணாடிக்கு நிறம் உலையிலேயே கிடைத்தது. உருகிய குழம்பில் கோபால்ட் சேர்த்தால் நீலம், செம்பு சேர்த்தால் சிவப்பு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின்மேல் பூசிச் சூளையில் சுட்டால் அது உள்ளே ஊறி மஞ்சளாகும் என்ற வித்தை ஐரோப்பாவில் பரவியது. அந்த மஞ்சளே மெய்யான சாயமேற்றம். ஒரு நிறத்துக்கு உரிய பெயர் எல்லா நிறத்துக்கும் ஆகிவிட்டது. நம் இலக்கணக்காரர் சினையாகுபெயர் என்று சொல்லி மேலே போயிருப்பார்கள். ஷகாலின் கோடுகளைக் கண்ணாடியாக்கியவர் பிரான்சின் ரான்ஸ் நகரத்துக் கண்ணாடிக் கலைஞர் சார்ல் மார்க். மெல்லிய நிறப்படலம் போர்த்த கண்ணாடியை எடுத்து, அமிலத்தால் படலத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு அரித்து, ஒரே துண்டில் மூன்று நிறம்வரை கொண்டுவரும் வழியை அவர் வளர்த்தெடுத்தார். அதற்கு முன் நிறத்துக்கு நிறம் ஈயப் பட்டை இட்டுப் பிரித்தாக வேண்டும். இப்போது ஈயம் விடுதலை பெற்றது. நிறங்களைப் பிரிக்கும் வேலியாக இருந்தது, ஓவியனின் கையசைவைப் பின்தொடரும் கோடாயிற்று.

ஸ்டெயின் என்பதற்கு ஆங்கிலத்தில் கறை என்ற பொருளும் உண்டு; அங்கே அது குற்றம், இழுக்கு. தமிழில் கறை அப்படி மட்டும் நின்றுவிடவில்லை. நஞ்சுண்ட மிடற்றில் தங்கிய நீலத்தை நாம் கறைமிடறு என்றோம். அந்தக் கறை அவ்விறைவனுக்கு அணியாயிற்று என்று புறநானூற்றின் கடவுள் வாழ்த்தில் பாரதம் பாடிய பெருந்தேவனார் சொன்னார். துன்பத்தை உட்கொண்டதால் படிந்த நீலம் அழகாகும் என்பதை அறிந்த மொழி நமது. கிழக்குச் சாளரத்தின் நீலத்தைக் கறை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை; அந்தச் சொல்லுக்குத் தமிழ் ஏற்றிய மதிப்போடு சொல்கிறேன்.

மற்றப் பதினொன்றும் ஆண்டுகள் பல கடந்து வந்தன. பல நீலம், சில பொன்மஞ்சள். கடைசிச் சாளரங்கள் 1985இல் பொருத்தப்பட்டன. அவ்வாண்டு மார்ச் மாதம் ஷகால் 97ஆம் வயதில் மறைந்தார். அவற்றுக்கு இடம் தந்து விலகிய விக்டோரியா காலக் கண்ணாடிகளை எறிந்துவிடாமல், குருவானவர் அங்கி மாற்றும் சிற்றறையில் வைத்துப் பின்னாலிருந்து விளக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தப் பங்கின் முழுப்பெயரில் டூட்லியோடு கேப்பல் என்ற ஊரும் சேர்ந்து வரும். பக்கத்து ஊர், அங்கே தாமஸ் பெக்கட்டின் பெயரால் அமைந்த பழைய ஆலயத்தில் இடைக்காலச் சுவரோவியங்கள் இருக்கின்றன. கேப்பல் என்றால் சிற்றாலயம். இலத்தீனில் 'கப்பா' என்றால் மேலங்கி, 'கப்பெல்லா' சிறிய அங்கி. தூர் நகரத்துப் புனித மார்ட்டினின் அங்கியைப் போற்றி வைத்திருந்த இடம் கப்பெல்லா ஆயிற்று. அங்கியின் பெயர் அதைக் காத்த அறைக்கும், பிறகு எல்லாச் சிற்றாலயங்களுக்கும் ஆயிற்று. பாரிசுப் பகுதிப் பிரெஞ்சில் அகரத்தின்முன் ககரம் சகரமாகி, அதிலிருந்தே ஆங்கிலத்தின் சேப்பல் வந்தது. நார்மண்டிக்காரர் பேச்சில் அந்த மாற்றம் நிகழவில்லை. அவர்கள் வழியே இந்த ஊர்ப்பெயர் ககரத்தோடே நின்றது. கன்னடர் கிவி என்று நிறுத்திய இடத்தில் நாம் செவி என்கிறோம், அவர்கள் கெம் என்ற இடத்தில் நாம் செம் என்கிறோம். கேப்பலுக்கும் சேப்பலுக்கும் உள்ள தொலைவு கிவிக்கும் செவிக்கும் உள்ளதே. டூட்லியின் நீலத்தைப் பார்த்தபின் அந்தச் சுவரோவியங்களையும் பார்க்கப் போகிறவர்கள், வழி கேட்கையில் ககரத்தை அழுத்தியே கேட்க வேண்டும்.